பின்னு ஏறுச்சா?

மூணு வாரமா எங்க வீட்ல இந்த ஒரே கேள்விதான்.

காட்டுலேர்ந்து வந்து கால் கழுவும்போதே வீட்டுக்காரர் கேப்பார். ஸ்கூல் பையை எறிஞ்சிட்டு பொண்ணு ஓடி வந்து மூடியை எட்டிப் பாப்பா. அத்தை திண்ணையில உக்காந்தபடியே குரல் குடுப்பாங்க, "ஏம்மா, பின்னு ஏறுச்சா?"

ஏறல அத்தை. ஏறவே இல்ல.

கரண்ட் குக்கரைத்தான் சொல்றேன். பெங்களூர்ல வேலை பாக்குற என் தம்பி கிறிஸ்மஸுக்கு வந்தப்போ வாங்கிட்டு வந்தான். ஆறு லிட்டர், 1,000 வாட். "அக்கா, இனிமே நீ விசில் எண்ண வேணாம், போட்டுட்டு பூசைக்குப் போ, வந்து சாப்பிடு"ன்னு சொல்லிக் குடுத்துட்டுப் போனான். ஜனவரி பூரா அப்படித்தான் நடந்துச்சு. ஞாயித்துக்கிழமை விடியக்காலம் கறியைப் போட்டுட்டு கோயிலுக்குப் போவேன், திரும்பி வந்தா எலும்புலேர்ந்து கறி தானா கழண்டு வரும். அத்தைக்கு பல்லு கம்மி. அவங்க அன்னைக்கு சாப்பிட்ட சாப்பாட்டை நான் பாத்துக்கிட்டே இருந்தேன். அந்த ஒரு நாளுக்காகவே இந்தக் குக்கர் மேல எனக்கு ஒரு பாசம்.

பிப்ரவரில ஒரு நாள் சாயந்திரம், கொள்ளு போட்டேன்.

(எங்க ஊர் தெரியாதவங்களுக்கு: மார்டள்ளி. மாதேஸ்வரன் மலைப் பக்கம். பாலாறு செக்போஸ்ட் தாண்டினா கொளத்தூர், மேட்டூர். கர்நாடகாவுல இருக்கோம், பேசுறது தமிழ். 1956 நவம்பர் 1 வரைக்கும் எங்க ஊர் அப்போ இருந்த கொள்ளேகால் தாலூகா மதராஸோட கோயம்புத்தூர் ஜில்லாவுல இருந்துச்சு. அப்புறம் மைசூர் ஜில்லா. 1997-ல சாமராஜநகர் ஜில்லா ஆச்சு, ஆனா பெரியவங்க இன்னமும் மைசூர் ஜில்லான்னுதான் சொல்வாங்க. ராகிக் களியும் கொள்ளுக் கடைசலும் எங்களுக்கு சோறு மாதிரி. அதனால கொள்ளு வேகலேன்னா அது சின்ன விஷயம் இல்ல.)

ஆறரை மணிக்கு பொத்தானை அமுக்கினேன். பத்து நிமிஷம் ஆச்சு. இருபது ஆச்சு. மூடி மேல அந்தச் சின்ன உலோகப் பின்னு இருக்குல்ல, பிரஷர் ஏறினா டக்குனு மேல வருமே, அது குழிக்குள்ளயே கெடந்துச்சு. சுத்தி ஆவி மட்டும் லேசா புகைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. ஒரு மணி நேரம் கழிச்சு பீப் பீப்புன்னு கத்திட்டு அதுவே அணைஞ்சு போச்சு. தொறந்து பாத்தா அடியில கருகல், மேல கூழாங்கல்லு. அத்தை ஒண்ணும் சொல்லல. எழுந்து வந்து மிச்சத்தை பழைய குக்கர்ல மாத்தி கேஸ்ல வெச்சாங்க. எட்டு விசில். ஒம்பதரைக்கு சாப்பிட்டோம்.

மறுநாளே சர்வீஸ் நம்பருக்கு போன் பண்ணினேன். நான் முழுசா சொல்லி முடிக்கறதுக்குள்ள அந்தப் பக்கம் இருந்த பையன், "ரிங் போயிருக்கும் மேடம், புது ரிங் மாத்துங்க"ன்னான். அவ்வளவுதான், போன் வெச்சாச்சு.

ரிங்குன்னா மூடிக்குள்ள இருக்குற சிலிக்கான் வளையம். நம்ம கேஸ்கட்தான். சரின்னு வீட்டுக்காரர் கொள்ளேகாலுக்கு பஸ் ஏறினார். கடையில அந்த மாடலுக்கு இல்ல. ஆர்டர் குடுத்து, பத்து நாள் கழிச்சு இன்னொரு தடவை போயி வாங்கிட்டு வந்தார். 450 ரூபா. பஸ் சார்ஜ் தனி. ஒரு நாள் காட்டு வேலை கெட்டது தனி.

புது ரிங்கு போட்டேன். பின்னு ஏறல.

எனக்கு அன்னைக்கு வந்த கோபம் ரிங்குக்குப் போன பணத்துக்காக இல்ல. "ஆவி எங்கேர்ந்து வருது?"ன்னு ஒரு கேள்வி கேட்டிருந்தா போதுமே! அந்த ஒரு கேள்விக்குள்ளதான் முழு விஷயமும் இருக்கு. அதை யாரும் கேக்கலேன்னா நானே கேட்டுக்கறேன்னு உக்காந்தேன்.

கூட வந்த புத்தகத்துல இங்கிலீஷும் இந்தியும்தான். எங்க வீட்ல ரேஷன் கார்டு கன்னடத்துல இருக்கு, ஜெபப் புத்தகம் தமிழ்ல இருக்கு. இந்த ரெண்டுல ஒண்ணுலயாவது நாலு பக்கம் போட்டா என்ன? பத்தாவது படிக்கிற பொண்ணை பக்கத்துல உக்கார வெச்சு படிக்கச் சொன்னேன். அதுல ஒரு நல்ல விஷயம் இருந்துச்சு: சாமான் எதுவும் போடாம வெறும் தண்ணிய வெச்சு சோதிக்கச் சொல்லியிருந்தாங்க.

இதை நீங்களும் செய்யுங்க. மொதல்ல இதைத்தான் செய்யணும். மூணு கப் தண்ணி ஊத்தி, மூடி, ஆவி விடுற குமிழை மூடுற பக்கம் திருப்பி, பிரஷர் நேரத்தை அஞ்சு நிமிஷம்னு வைங்க. கொள்ளு, அரிசி, மசாலா எதுவும் இல்லாதப்போ குழப்பம் பாதி கொறஞ்சிடும். பின்னு ஏறினா குக்கர் நல்லாருக்கு, நீங்க சமைக்கிற விதத்துல ஏதோ இருக்கு. (தண்ணி பத்தல, குழம்பு ரொம்ப கெட்டி, இல்ல வழிய வழிய நெறைச்சுட்டீங்க.) ஏறலேன்னா குக்கர்லயோ கரண்ட்லயோ கோளாறு.

நான் செஞ்ச ஒரு வேலையையும் சொல்லிடறேன். சில்லுன்னு இருக்குற எவர்சில்வர் கரண்டி ஒண்ணை எடுத்து, கொதி வந்ததும் மூடி ஓரத்தைச் சுத்தி மெதுவா கொண்டு போனேன், கை எட்டத்துலயே நின்னு. ஆவி பட்ட எடத்துல கரண்டி வேர்க்கும். ஒரு சுத்து முழுக்க வந்தேன். கரண்டி காஞ்சே இருந்துச்சு. அப்போ ரிங்கு மேல தப்பே இல்ல! குமிழ்கிட்ட கொண்டு போனேன். காஞ்சிருந்துச்சு. பின்னு குழிக்கு நேரா பிடிச்சதும் ஒரே நொடியில கரண்டி பூரா முத்து முத்தா தண்ணி.

450 ரூபாய்க்கு முன்னாடி இந்தக் கரண்டியை எடுத்திருக்கணும்.

குக்கரை அணைச்சு, பிளக்கைப் புடுங்கி, நல்லா ஆற விட்டு, மூடியைக் கவுத்துப் போட்டேன். பின்னோட அடியில ஒரு சின்ன சிலிக்கான் தொப்பி இருக்கு. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். அதைக் கழட்டினா பின்னு மேல்பக்கமா வெளிய வந்துடும். தொப்பியை உருவினேன். உள்ள, அந்த மடிப்புல, ஒரு கொள்ளுத் தோலு. செவந்து, காஞ்சு, கஞ்சியோட சேந்து ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. நகத்தால சுரண்டித்தான் எடுத்தேன்.

இந்தத் தோலு எப்படி ஒரு குக்கரையே நிறுத்துதுன்னு புரிஞ்சப்போ எனக்கு ஒரு சந்தோஷம் வந்துச்சு பாருங்க, அதைத்தான் உங்ககிட்ட சொல்லணும்.

தண்ணி கொதிக்க ஆரம்பிச்சதும் உள்ள இருக்குற காத்தையும் ஆவியையும் இந்தப் பின்னு குழி வழியாத்தான் வெளிய தள்ளும். ஒரு மில்லி தண்ணி ஆவியானா கிட்டத்தட்ட 1,700 மில்லி எடம் கேக்கும். அந்த ஆவி வேகமா வரும்போது பின்னைத் தூக்கும். பின்னு ஏறினா அடியில இருக்குற தொப்பி மூடியோட உள்பக்கம் போயி ஒட்டி, குழியை அடைச்சிடும். அதுக்கப்புறம் உள்ள இருக்குற ஆவியே அதை இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்கும். எங்க அத்தையோட பழைய ஹாக்கின்ஸ் குக்கர் மூடியை உள்ளேர்ந்துதானே போடுவோம்? ஆவி ஏற ஏற மூடி இறுகும். அதே வித்தைதான், பொத்தான் அளவுல. அந்தத் தொப்பி சரியா ஒட்டாம ஒரு தோலு நடுவுல நின்னா, எவ்வளவு ஆவி வந்தாலும் வழியில கசிஞ்சு போய்க்கிட்டே இருக்கும். தண்ணி வத்தும். அடி புடிக்கும். பீப் பீப்.

(1679-ல டெனி பாப்பின்னு ஒரு பிரெஞ்சுக்காரர் லண்டன்ல மொத மொதல்ல இந்த மாதிரி பாத்திரம் செஞ்சார். எலும்பையே மெத்துனு ஆக்கினாராம். அதுல சேஃப்டி வால்வும் அவர் வெச்சதுதான். எங்க அத்தை பல்லு இல்லாம கறி தின்னதுக்கு மொத நன்றி அவருக்குப் போகணும்.)

தொப்பியையும் பின்னையும் வெந்நீர்ல கழுவித் தொடைச்சு மாட்டினேன். ராத்திரி ஆயிடுச்சு, தூங்கிட்டோம். விடியக்காலம் அஞ்சரைக்கு எழுந்து மூணு கப் தண்ணி வெச்சேன்.

ஒம்பதாவது நிமிஷம். டக்.

ஏறிடுச்சு! நான் போட்ட சத்தத்துல அத்தை எழுந்துட்டாங்க. பொண்ணு போர்வையோட ஓடி வந்தா. மூணு பேரும் நின்னு ஒரு பின்னைப் பாத்து சிரிச்சுக்கிட்டு இருந்தோம்.

அன்னைக்கு சாயந்திரம் அதே தண்ணி, அதே மூணு கப், அதே குக்கர். பின்னு ஏறல.

அழுகையே வந்துடுச்சு. தொப்பியைக் கழட்டிப் பாத்தேன், சுத்தமா இருந்துச்சு. ரிங்கைக் கையால சுத்திப் பாத்தேன், மூடியில அதைப் பிடிச்சிருக்கற கம்பிக்குள்ள ஒழுங்கா உக்காந்திருந்துச்சு. மறுநாள் காலைல வெச்சேன், ஏறுச்சு. சாயந்திரம் வெச்சேன், ஏறல. குக்கருக்கு காலை மாலைன்னு நேரம் தெரியுமா?

அத்தைதான் கண்டுபுடிச்சாங்க. எழுதும்போதே பெருமையா இருக்கு. திண்ணையிலேர்ந்து மேல ஃபேனைப் பாத்துட்டு, "இந்த நேரத்துக்கு ஃபேனே தூங்கி வழியுது, இது எப்படி ஓடும்?"னாங்க.

ஆமால்ல! பொழுது சாயுற நேரம் எல்லா வீட்லயும் விளக்கு, டிவி, கிரைண்டர். கோடை வந்தா மோட்டார் வேற. ட்யூப்லைட் கண்ணு சிமிட்டிட்டுத்தான் எரியும். ஜனவரில நான் குக்கர் வெச்சதெல்லாம் விடியக்காலம். பிப்ரவரிலதான் சாயந்திரத்துக்கு மாத்தினேன். எனக்கு அது தோணவே இல்ல.

தெருவுல ஒயரிங் வேலை பாக்குற தம்பி மல்டிமீட்டர் எடுத்துட்டு வந்தார். சாயந்திரம் ஆறே முக்கால். குக்கர் போடாதப்போ 196 வோல்ட். குக்கரைப் போட்டதும் 168. விடியக்காலம் அஞ்சரைக்கு அதே பிளக்குல 222.

இங்க கொஞ்சம் கணக்கு சொல்லணும், பொறுத்துக்கோங்க, முக்கியமான எடம் இதுதான்.

குக்கர் மேல 1,000 வாட்னு எழுதியிருக்கறது 230 வோல்ட் வந்தா மட்டும்தான். வோல்டேஜ் கால்வாசி கொறஞ்சா சூடும் கால்வாசி கொறையும்னு நான் நெனைச்சேன். அப்படி இல்லயாம். வோல்டேஜும் கொறையுது, அதனால ஓடுற கரண்டும் கொறையுது, ரெண்டும் சேந்து அடிக்குது. 168-ஐ 230-ஆல வகுத்தா 0.73. அதை அதாலயே பெருக்கினா 0.53. அப்போ என்னோட 1,000 வாட் குக்கர் சாயந்திரம் வெறும் 530 வாட் குக்கர். காலைல அந்த 222 வோல்ட் முழுசா கெடைச்சா 930 வாட்.

1,000 வாட் சூட்டுல நிமிஷத்துக்கு சுமார் 25 கிராம் தண்ணி ஆவியாகும். 530 வாட்ல அதுல பாதி. அதுலயும் பாத்திரமும் மூடியும் வெளிய விடுற சூடு வேற கழியும். மிச்சம் வர்ற ஆவி பின்னைத் தூக்கற அளவுக்கு வேகமா வராது. மெதுவா, நிதானமா, குழி வழியா வெளிய நடந்து போயிடும். பின்னு படுத்தே கெடக்கும். குக்கர்ல ஒரு கோளாறும் இல்ல. வேணுங்கற ஆவி இல்ல, அவ்வளவுதான்.

ரெண்டு கோளாறு ஒண்ணு மேல ஒண்ணு இருந்திருக்கு. தோலை எடுத்தப்போ காலைல சரியாச்சு, சாயந்திரம் ஆகல. ஒண்ணை மட்டும் சரி பண்ணிட்டு "இது இல்ல போல"ன்னு விட்டிருந்தா ரெண்டுமே மாட்டியிருக்காது.

அந்தத் தம்பி இன்னொண்ணும் காட்டினார். குக்கர் போட்டதும் 196 எப்படி 168 ஆச்சு? 28 வோல்ட் எங்க போச்சு? கூடத்துலேர்ந்து அடுப்படிக்கு நான் இழுத்திருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தொடச் சொன்னார். ஒயர் சுடுது. சூடு குக்கருக்குப் போறதுக்குப் பதிலா ஒயர்ல போயிருக்கு. மெல்லிசு ஒயர், உள்ள ஒரு தகடு கருத்திருந்துச்சு. தீப்புடிக்காம இருந்தது அந்தோணியார் புண்ணியம். அதைத் தூக்கிப் போட்டுட்டு, சுவர்ல இருக்குற பெரிய பிளக்குல நேரா மாட்டினோம். 182 வந்துச்சு. 620 வாட் தேறும்.

தயவுசெஞ்சு இதை மட்டும் இன்னைக்கே பாருங்க. கரண்ட் குக்கரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல மாட்டியிருந்தீங்கன்னா, பத்து நிமிஷம் ஓடினப்புறம் ஒயரைத் தொட்டுப் பாருங்க. சுட்டா அணைச்சிடுங்க.

182 வோல்ட்ல எப்படி சமைக்கறது? அதுக்கும் ஒரு வழி கெடைச்சுது. மூடி போடாம, வதக்கற பட்டனை அமுக்கி மொதல்ல நல்லா தளதளன்னு கொதிக்க விடறேன். தண்ணியை வேற எடத்துல காய வெச்சு ஊத்தினா இன்னும் சீக்கிரம். கொதி வந்து ஆவி பொங்கும்போது வதக்கறதை நிறுத்தி, மூடியைப் போட்டு, குமிழைத் திருப்பி பிரஷர் பட்டனை அமுக்கறேன். மூடியை ரெண்டு கையாலயும் லேசா ஒரு அழுத்து, ரிங்கு உக்காரட்டும்னு. ஏறிடுது. ஏறினப்புறம் பிரஷரைப் பிடிச்சு வெக்க அவ்வளவு கரண்ட் வேணாம், அப்பப்போதான் சூடு போட்டுக்கும்.

இதைச் செய்யும்போது சில விஷயம் மனசுல இருக்கட்டும். கொள்ளு, பயறு, மொச்சை எல்லாம் தண்ணியோட சேத்து பாத்திரத்துல பாதிதான். நுரையும் தோலும் மேல வந்துதான் அந்தத் தொப்பிக்குள்ள போயி ஒட்டுது. பின்னு ஏறலேன்னு அதுமேல ஸ்பூனோ கல்லோ வெச்சு எதுவும் பண்ணாதீங்க. ஏறின பின்னு தானா எறங்கற வரைக்கும் மூடியைத் திருப்பாதீங்க. எங்க சொந்தத்துல ஒருத்தங்க உள் பாத்திரம் வெக்காம நேரா தண்ணியை ஊத்திட்டாங்க. தண்ணி சூடு தட்டு வழியா உள்ள எறங்கி குக்கர் அன்னையோட முடிஞ்சுது. ஊத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவை குனிஞ்சு பாருங்க.

பழைய ரிங்கு இப்போ கறிக்கு, புது ரிங்கு பருப்புக்கும் சோத்துக்கும். கறி வாசனை ரிங்குல ஏறினா போகாது. அதனால அந்த 450 ரூபா முழுசா வீணாகல.

சர்வீஸ் நம்பர்ல போன் எடுக்குற பசங்க யாராவது இதைப் படிச்சா உங்களுக்கு ஒரு வேண்டுகோள். பெங்களூர்ல உக்காந்திருக்கற உங்களுக்கு எப்பவும் கரண்ட் ஒரே மாதிரி இருக்கலாம். மலையடிவாரத்துல இருக்குற எங்களுக்கு இல்ல. ரிங் மாத்துங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. ஆவி எங்கேர்ந்து வருது? தொப்பியைக் கழட்டிக் கழுவினீங்களா? உங்க வீட்ல இப்போ எத்தனை வோல்ட்? இந்த மூணுக்கு ரெண்டு நிமிஷம் ஆகுமா? எங்களுக்கு கொள்ளேகால் போயிட்டு வர ஒரு நாள் ஆகும்.

நேத்து சாயந்திரம் கொள்ளு போட்டேன். காலைலயே ஊற வெச்சது. கொதிக்க விட்டு மூடினதுலேர்ந்து ஏழாவது நிமிஷம் பின்னு ஏறுச்சு. 20 நிமிஷம் பிரஷர்ல வெச்சு, தானா எறங்க விட்டுத் தொறந்தேன். ரெண்டு விரலால நசுக்கினா வெண்ணெய் மாதிரி. வெங்காயம், பூண்டு, வர மொளகா தாளிச்சு மத்தால கடைஞ்சு, சுடச்சுடக் களியோட தட்டுல வெச்சேன்.

அத்தை ரெண்டாவது உருண்டை கேட்டாங்க.

உங்க வீட்ல சாயந்திரம் ஏழு மணிக்கு எத்தனை வோல்ட் வருதுன்னு ஒரு தடவை அளந்து பாத்து எழுதுங்க. ஊர் பேரையும் போடுங்க. குக்கர் வாங்கப் போற அடுத்த ஆளுக்கு அது உபயோகமா இருக்கும்.